எலிக்குக் கேட்ட சீன மருந்து நமக்குக் கேக்குமா? (ப்ராஸ்டேட் அழற்சி)

பின்னலாடைக்காரன் (திருப்பூர்)

வணக்கமுங்க. கூச்சமாத்தான் இருக்குது, பேரு தெரியாத எடத்துலயாச்சும் கேட்டுரலாம்னு கேக்கறேன். வயசு 39. எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர். காலைல உக்காந்தா பொழுது சாயற வரைக்கும் நாற்காலிதான்.

ரெண்டு வருசத்துக்கு மேலாச்சு, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல ஒரு வலி. ஒண்ணுக்குப் போனா எரிச்சல். போயிட்டு வந்தும் இன்னும் மிச்சம் நிக்கற மாதிரியே இருக்கும். வீட்டுக்காரியோட இருந்தா மறுநாள் பூரா வலி, அதனால அந்தப் பேச்சே கொறஞ்சு போச்சுங்க. "ப்ராஸ்டேட் வீக்கம்"னு (மூத்திரப்பைக்குக் கீழ இருக்கற சுரப்பியாம்) சொல்லி ஆன்டிபயாடிக் குடுத்தாங்க. தின்னற வரைக்கும் தேவலை, நிறுத்துனா பழைய குருடி கதவத் தெறடி.

இப்ப எங்க பார்ட்னர் மெஷின் பாக்க குவாங்சோ போனவரு, ஒரு டப்பா மூலிகைக் கேப்சூல் வாங்கியாந்து குடுத்திருக்காருங்க. டப்பா பூராவும் சீன எழுத்து. கூடவே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையும் அனுப்பினாரு. எலிக்கு ப்ராஸ்டேட் அழற்சிய உண்டாக்கிப்போட்டு, சீன மூலிகைக் கலவையக் குடுத்தா வீக்கம் நல்லாக் கொறஞ்சுதாம். நீலமும் சிவப்புமா படமெல்லாம் இருக்குது. திங்கலாமா, வேண்டாமா?

சங்ககிரி ஸ்டியரிங்

தம்பி, நீ ஒருத்தன்தான்னு நெனச்சிராத. எங்க லாரி லைன்ல பாதிப் பேருக்கு இந்தக் கதைதான், வெளிய சொல்ல மாட்டானுக. சீட்டுல உக்காந்தே கெடக்கறது, எறங்கோணுமேன்னு தண்ணி குடிக்காம இருக்கறது, வந்தா அடக்கிக்கிட்டே அடுத்த டோல்கேட் வரைக்கும் ஓட்டறது. எங்க வீட்டுல நெருஞ்சி முள்ளு கஷாயம் வச்சுக் குடுப்பாங்க, எரிச்சலுக்குக் கொஞ்சம் சுகமாத்தான் இருந்துச்சு. வலி போகல.

எனக்கு ஒண்ணுதான் வெளங்கல. எலிக்கு அந்த எடத்துல வலிக்குதுன்னு எப்படிய்யா கண்டுபுடிச்சாங்க?

எலிக்கூண்டு (குமாரபாளையம்)

பார்மஸி கல்லூரியில் மருந்தியல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கட்டுரையைப் பார்க்கவில்லை, ஆனால் இந்த வகைக் கட்டுரைகள் நிறையப் படித்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

முதலில் பார்க்க வேண்டியது, எலிக்கு நோயை எப்படி வரவழைத்தார்கள் என்பது. இளவயது எலிக்கு இது தானாக வருவது அபூர்வம், அதனால் நாம்தான் உண்டாக்க வேண்டும். ஒரு வழி, கடற்பாசியிலிருந்து எடுக்கும் காரஜீனனை (ஐஸ்கிரீமில்கூடச் சேர்ப்பார்கள்) வயிற்றைத் திறந்து ப்ராஸ்டேட்டுக்குள்ளேயே ஊசியில் ஏற்றுவது. இன்னொன்று, எலிக்கு விரை நீக்கி, தினமும் எஸ்ட்ராடயால் என்ற பெண் ஹார்மோன் போட்டு வருவது. மூன்றாவது, வேறு எலிகளின் ப்ராஸ்டேட்டை அரைத்து, ஃபிராய்ண்ட் அட்ஜுவண்ட் என்ற எண்ணெய்க் கலவையோடு (செத்த காசநோய்க் கிருமி அதில் இருக்கும்) தோலுக்கடியில் போடுவது. எலியின் எதிர்ப்புச் சக்தி தன் ப்ராஸ்டேட்டையே எதிரியாக நினைத்துத் தாக்க ஆரம்பிக்கும். மனித நோய்க்கு ஓரளவு பக்கத்தில் வருவது இதுதான் என்று பலரும் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சிதான். சீன ஆய்வுகளில் நாலாவதாக ஒன்று பார்க்கலாம்: ஷியாவ்சிலிங் என்று மூல நோய்க்குப் போடும் ஊசி மருந்தை எலியின் ப்ராஸ்டேட்டில் செலுத்துவது. அதில் இருப்பது டானிக் அமிலமும் படிகாரமும். சுரப்பி வெந்து வீங்காமல் என்ன செய்யும்?

இப்படி வீங்கவைத்த பிறகு, சில வாரம் மருந்துக் கஷாயத்தைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விடுவார்கள். கடைசியில் எலியைக் கொன்று சுரப்பியை எடுத்து எடைபோட்டு, மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். நீங்கள் பார்த்த நீலமும் சிவப்பும் அதுதான்: செல்லின் உட்கரு நீலம், மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு. நீலப் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தால் அழற்சிச் செல்கள் வந்து இறங்கியிருக்கின்றன. கூடவே டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-6, ஐஎல்-1 பீட்டா போன்ற அழற்சிப் பொருள்களின் அளவு. மருந்து கொடுத்த கூட்டத்தில் இவை குறைந்திருந்தால் "மருந்து வேலை செய்தது".

அது பொய்யில்லை. டான்ஷென், அஸ்ட்ராகலஸ், ஹுவாங்பாய் மரப்பட்டை போன்ற சீன மூலிகைகளில் அழற்சியைத் தணிக்கும் பொருள்கள் உண்மையிலேயே இருக்கின்றன. குய்ச்சி ஃபூலிங் என்று ஐந்து சரக்குச் சேர்ந்த பழைய சூத்திரம் ஒன்று, சுமார் 1800 வருசத்துக்கு முந்தைய சாங் சோங்சிங் என்ற சீன வைத்தியர் காலத்தது. அதையும் இப்படி எலியில் சோதித்திருக்கிறார்கள். ஊசி போட்டு வீங்கவைத்த சுரப்பியில் வீக்கம் தணிந்தது என்றால், அந்த அளவுக்கு நம்பலாம்.

லாரிக்காரர் கேட்டது நல்ல கேள்வி. எலியைக் கம்பிவலைத் தரையில் நிறுத்தி, கீழிருந்து வான் ஃப்ரே இழை என்ற நைலான் முடிகளால் அடிவயிற்றைத் தொடுவார்கள். ஒவ்வொரு முடியும் ஒரு குறிப்பிட்ட விசையில்தான் வளையும். மெல்லிய முடிக்கே எலி துள்ளினால், வயிற்றை இழுத்துக்கொண்டால், அந்த இடத்தை நக்கினால், வலி கூடியிருக்கிறது என்று கணக்கு. மூலிகைக் கட்டுரைகளில் நிறையப் பேர் இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை. சுரப்பியைச் சீவிப் பார்த்ததோடு சரி. நீங்களோ டாக்டரிடம் போனது வலிக்காக.

இன்னும் இரண்டு விசயம். எலியின் ப்ராஸ்டேட் தனித்தனி மடல்களாக இருக்கும், மனுசனுக்கு ஒரே கட்டியாக மூத்திரக் குழாயைச் சுற்றி நிற்கும். அடுத்தது அளவு. எலிக்குக் கிலோவுக்கு 600 மி.கி. கொடுத்தார்கள் என்று வையுங்கள். உடல் மேற்பரப்புக் கணக்கில் மனிதனுக்கு மாற்ற 6.2ஆல் வகுக்க வேண்டும், கிலோவுக்குச் சுமார் 97 மி.கி. வரும். 70 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு கிராம் கிட்ட. 400 மி.கி. கேப்சூல் என்றால் தினம் பதினேழு. உங்கள் டப்பாவில் எத்தனை போடச் சொல்லியிருக்கிறது?

பின்னலாடைக்காரன் (திருப்பூர்)

காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டுன்னு பார்ட்னரு சொன்னாருங்க. டப்பாவுல என்ன போட்டிருக்குதுன்னு யாரு படிக்கறது.

மஞ்சமண்டி (ஈரோடு)

எல்லாத்தையும் இப்படி நொட்டை சொல்லிக்கிட்டே இருந்தா எப்படிங்க? மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் எங்கிருந்து வந்துச்சு? சீன மூலிகைல இருந்துதானே. அந்தம்மா டூ யூயூ 2015ல நோபல் வாங்கினாங்க. அதுவும் எலில பாத்து வந்ததுதான். நம்ம மஞ்சளும் அப்படித்தான், குர்குமின் எலியோட ப்ராஸ்டேட் வீக்கத்தக் கொறைக்குதுன்னு நானே படிச்சிருக்கேன். நம்ம ஊரு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு 2019லயே வந்தாச்சு, நம்ம ஆளுக என்னடான்னா குவாங்சோவுல போய் டப்பா வாங்கியாராங்க.

எலிக்கூண்டு (குமாரபாளையம்)

டூ யூயூவை நீங்களே எடுத்துக்கொடுத்தது வசதியாகப் போச்சு. 1971இல் அவர்கள் எடுத்த சாறு சுண்டெலி, குரங்கு இரண்டிலும் மலேரியாவை முழுசாக ஒழித்தது. அதோடு கடையைத் திறந்துவிடவில்லை. 1972இல் அந்தம்மாவும் கூட வேலை செய்தவர்களும் முதலில் தாங்களே குடித்துப் பார்த்தார்கள், அப்புறம்தான் நோயாளிகளுக்குப் போனது. மலேரியாவில் இன்னொரு சௌகரியம்: எலிக்கும் மனுசனுக்கும் இரத்தத்தில் ஒட்டுண்ணி இருக்கிறது, மருந்து கொடுத்தால் போகிறதா என்று கண்ணால் எண்ணலாம். இவருடைய நோயில் எண்ணுவதற்கு எதிரி எங்கே?

மஞ்சள் பற்றி: குர்குமின் குடலில் சரியாக ஏறாது. மிளகிலுள்ள பைப்பரின் சேர்த்தால் மனிதனில் 2000 சதவீதம் கூடுதலாக ஏறுகிறது என்று 1998இல் பெங்களூரில் காட்டினார்கள். இரத்தத்தில் ஏறுவது வேறு, இடுப்பு வலி போவது வேறு. ரசம் வைத்துக் குடிப்பதை யாரும் தடுக்கவில்லைங்க.

நொய்யல் (கோவை)

யூராலஜி படிக்கிறேன். "எண்ணுவதற்கு எதிரி எங்கே" என்று மேலே கேட்டிருப்பதைப் பிடித்துக்கொள்கிறேன்.

"ப்ராஸ்டேட் வீக்கம்" என்று ஒரே பெயரில் சொன்னாலும் நாலு வகை. 1995இல் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஹெச் கூட்டிய கூட்டத்தில் பிரித்தது. முதல் வகை திடீர் பாக்டீரியாத் தொற்று: குளிர் காய்ச்சல், மூத்திரம் அடைப்பு, உடனே ஆஸ்பத்திரி. இரண்டாவது, நாள்பட்ட பாக்டீரியாத் தொற்று: கல்ச்சரில் (மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) அதே கிருமி திரும்பத் திரும்ப வரும், இதற்குத்தான் வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக். மூன்றாவது, கிருமியே கிடைக்காத நாள்பட்ட இடுப்பு வலி. நாலாவதில் தொந்தரவே இருக்காது, வேறு எதற்கோ சோதிக்கும்போது அழற்சி தெரியவரும். தொந்தரவோடு வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூன்றாவது வகை.

அந்த மூன்றாவது வகையில்தான் குழப்பமெல்லாம். 2003இல் வந்த ஓர் ஆய்வில் இந்த வலி உள்ள 463 பேரையும் வலியே இல்லாத 121 பேரையும் ஒரே மாதிரி சோதித்தார்கள். ப்ராஸ்டேட்டில் நோய்க்கிருமி கிடைத்தது வலிக்காரர்களில் 8.0 சதவீதம், வலியில்லாதவர்களில் 8.3 சதவீதம். ப்ராஸ்டேட் நீரில் வெள்ளை அணு கூடுவதற்கும் வலி கூடுவதற்கும்கூடச் சம்பந்தம் தெரியவில்லை. வேறொரு பெரிய ஆய்வில், பிஎஸ்ஏ (ப்ராஸ்டேட்டுக்கான இரத்தச் சோதனை) கூடியிருந்து புற்று இல்லை என்று வந்த எட்டாயிரத்துச் சொச்சம் ஆண்களின் சதைத் துணுக்கைப் பார்த்தார்கள். நாலில் மூன்று பங்குக்கு மேல் நாள்பட்ட அழற்சி இருந்தது. சிறுநீர்த் தொந்தரவோடு அதற்கு இருந்த தொடர்பு மிக மிகக் குறைவு.

அதாவது அழற்சி இருந்தும் வலி இல்லாதவர்கள் ஏராளம், வலி இருந்தும் அழற்சி காணாதவர்களும் ஏராளம். எலியிலோ அழற்சியை உண்டாக்கி, அழற்சியைக் குறைத்து, அழற்சியை அளக்கிறோம். எனக்கு அந்தக் கட்டுரைகள் மேல் கோபமில்லை. அவை பதில் சொல்லும் கேள்வி வேறு, பின்னலாடை அண்ணன் கேட்கும் கேள்வி வேறு.

"மாத்திரை தின்னற வரைக்கும் தேவலை" என்றீர்களே, அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மூத்திரப் பாதையைத் தளர்த்தும் அல்ஃபுசோசின் என்ற மாத்திரையை 272 பேரிடம் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. தொந்தரவு மதிப்பெண் 4 புள்ளியாவது குறைந்தவர்கள் இரண்டு பக்கமும் 49.3 சதவீதம். ஏறி இறங்கும் நோய் இது. ஏறியிருக்கும்போது டாக்டரைப் பார்க்கிறோம், தானாக இறங்கும்போது கையில் எந்த டப்பா இருக்கிறதோ அதற்குப் பேர் போகிறது.

சீன மூலிகையை மனிதரில் சோதித்த ஆய்வுகளும் இருக்கின்றன. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பில் 7 ஆய்வு, 835 பேர். மொத்தம் 43 மதிப்பெண்ணில் சராசரியாக 3 சொச்சம் குறைந்தது, சான்று தரம் குறைவு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நோயாளிக்கே வித்தியாசம் தெரிய 6 புள்ளி குறைய வேண்டும் என்பது இப்போதைய பொதுக் கணக்கு. சீனாவிலிருந்து நன்றாகச் செய்த ஆய்வு என்றால் நான் அக்குபங்சரைச் சொல்வேன். 2021, பத்து ஆஸ்பத்திரி, 440 பேர், எட்டு வாரத்தில் 20 முறை ஊசி. தேறியவர்கள் 60.6 சதவீதம், பொய்யாக ஊசி குத்திய கூட்டத்தில் 36.8. நிறுத்திய பிறகும் பலன் நின்றது.

அண்ணா, யூரின் கல்ச்சர் எடுத்தாங்களா? ஆன்டிபயாடிக் தின்னாத நாளில் எடுத்ததா?

பூளைப்பூ வைத்தியர் (பெருந்துறை)

சித்த மருத்துவம் படித்துப் பதிவு செய்து பார்ப்பவன். மூலிகைக்காரன் என்பதால் நான் டப்பாவுக்கு வக்காலத்து வாங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள்.

எனக்கு எலிக் கட்டுரைகளில் உறுத்துவது வேறு. சீன வைத்தியர் ஒருவர் இந்த நோயாளியைப் பார்த்தால் நாக்கைப் பார்ப்பார், நாடி பிடிப்பார். ஒருவருக்கு ஈரச் சூடு என்பார், இன்னொருவருக்கு ரத்தத் தேக்கம் என்பார், ஆளுக்கு ஆள் சூத்திரம் மாறும். எலிக்கு யார் நாடி பிடித்தது? எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி, ஒரே கஷாயம். ஆக அந்தக் கட்டுரை சீன வைத்தியத்தைச் சோதிக்கவே இல்லை, அதன் சரக்கை மட்டும் சோதித்தது. சித்தத்திலும் இதே கூத்து நடக்கிறது. சிறுபீளையை (காப்புக்கட்டுக்கு நாம் செருகும் பூளைப்பூதான்) எலிக்குக் கொடுத்துக் கல் கரைந்தது என்று எழுதுவார்கள், மறுமாசம் பாக்கெட் போட்டு விற்பார்கள்.

ஆபத்து இருப்பது சரக்கில். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய சீன மூலிகை தின்ற பெண்களுக்குச் சிறுநீரகம் போனது. போட வேண்டியது ஒரு வேர், போட்டது அரிஸ்டோலோக்கியா இனத்து வேறொரு வேர். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கருக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றையும் உண்டாக்கும். லோங்தான் சியேகான் என்று ஒரு சீன மருந்து, கீழ் உடம்பின் ஈரச் சூட்டுக்கு, அதாவது இந்த மாதிரி எரிச்சலுக்கே கொடுப்பது. அதிலும் அந்த இனத்துத் தண்டு ஒன்று சேர்ந்துவந்தது. 2003இல் சீன அரசே அந்தத் தண்டைத் தடை செய்தது. நம் கருங்காட்டில் கிடக்கும் ஆடுதின்னாப்பாளையும் அதே இனம்தான், அந்த அமிலம் அதிலும் உண்டு. "எங்க தாத்தா தின்னாரு" என்று யாரும் தொடங்க வேண்டாம்.

இன்னொன்று பிசி-ஸ்பெஸ். ப்ராஸ்டேட் புற்றுக்கு என்று அமெரிக்காவில் விற்ற எட்டு மூலிகைக் கலவை, பெரும்பாலும் சீனச் சரக்கு. நன்றாகவே கேட்டது. 2002இல் சோதித்தபோது டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன், இந்தோமெதசின் (வலி மருந்து), வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுப்பது) எல்லாம் உள்ளே கிடைத்தன. சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். படிக்கத் தெரியாத எழுத்தில் வரும் டப்பா உடனே சுகம் கொடுத்தால் நான் சந்தோசப்பட மாட்டேன், சந்தேகப்படுவேன்.

கூண்டுக்காரி (பவானி)

ஒரு ஆய்வுக்கூடத்து விலங்கு இல்லத்துல டெக்னீசியனா இருக்கறேங்க. எல்லாரும் எலி எலின்னு பேசறீங்க, எலிய யாரும் பேசல.

எட்டு வார வயசு எலி, ஒரே ஜாதி, ஒரே தீனி, பன்னண்டு மணி நேரம் வெளிச்சம் பன்னண்டு மணி நேரம் இருட்டு. அதுக்கு வேலை நெருக்கடி இல்ல, கடன் இல்ல, ரெண்டு வருசமா மனசுல வச்சுப் புழுங்கறது இல்ல. இந்த அண்ணன் மாதிரி நாற்காலில உக்காரறதும் இல்ல. அதனோட நோய்க்கு வயசு ஒரு மாசம். பல ஆய்வுல ஊசி போட்ட மறுநாளே மருந்தும் ஆரம்பிச்சிருவாங்க, அப்ப அது வராம தடுத்ததா, வந்தத குணமாக்குனதான்னு எப்படிச் சொல்றது? எந்தக் கூண்டு எந்த மருந்துன்னு தெரியாம வச்சுத்தான் கணக்கெடுத்தாங்களான்னும் பாருங்க. அதை எழுதாத கட்டுரைதான் கையில கெடைக்கறதுல அதிகம்.

இங்க 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அமைச்ச குழுவோட அனுமதி இல்லாம ஒரு எலியத் தொட முடியாது, எத்தனை எலி, எதுக்குன்னு எழுதிக் குடுக்கோணும். அது சரியாத்தான் இருக்குது. ஏற்கனவே இருவது பேரு காட்டுனதையே இருவத்தோராவது கஷாயத்துக்கும் காட்டறதுக்கு எதுக்குங்க இத்தனை உசுரு? மனுசங்க கிட்டவே ஒழுங்கா ஒரு சோதனை வச்சுரலாம்ல.

எலிக்கூண்டு (குமாரபாளையம்)

பவானி அக்கா சொன்னதில் கடைசி வரிக்கு எங்கள் துறையில் பலருக்கு வாய் வராது. எம்.பார்ம் முடிக்க ஒரு ஆய்வு வேண்டும், ஆறு மாசம்தான் இருக்கிறது, மனிதச் சோதனைக்கு யார் பணம் தருவார்கள்? எலிதான் மலிவு.

பின்னலாடைக்காரர், டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சீன அரசு மருந்தாகப் பதிவு செய்தது என்றால் நாலு சீன எழுத்து, அதையடுத்து ஆங்கில இஸட் எழுத்து, அப்புறம் எட்டு இலக்கம் இருக்கும். இஸட் என்றால் பாரம்பரிய மருந்து. அது இல்லாமல் தொப்பி மாதிரி ஒரு நீலச் சின்னம் இருந்தால் அது ஆரோக்கிய உணவு, மருந்தே இல்லை. செல்போனில் மொழிபெயர்ப்புக் கேமராவை வைத்துச் சரக்குப் பட்டியலையும் பாருங்கள்.

பின்னலாடைக்காரன் (திருப்பூர்)

பாத்துட்டனுங்க. இஸட் இல்ல. நீலத் தொப்பிதான் இருக்குது. "இந்தப் பொருள் மருந்துக்கு மாற்று ஆகாது"ன்னு அதுலயே எழுதியிருக்குதுங்க, கேமரா அப்படித்தான் காட்டுச்சு. கட்டுரைல எலிக்குக் குடுத்தது ஏழு சரக்கு, இதுல இருக்கறது மூணு. அதுல ரெண்டு கட்டுரைலயே இல்ல. பார்ட்னருகிட்டச் சொன்னதுக்கு "நல்லதுதானே வாங்கியாந்தேன்"னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாரு.

கல்ச்சர் இதுவரைக்கும் எடுக்கவே இல்லைங்க. ஸ்கேன் மட்டும்தான். நேத்து வேற ஒரு யூராலஜிஸ்ட்டப் பாத்தேன். ஆன்டிபயாடிக் ஏதும் இப்ப திங்கலயேன்னு கேட்டுட்டு, ப்ராஸ்டேட்ட அமுக்கறதுக்கு முந்தி ஒரு பாட்டில், அமுக்குனதுக்கு அப்புறம் ஒரு பாட்டில்னு யூரின் எடுத்தாங்க. மார்க் போடற தாளும் குடுத்தாங்க, 43க்கு 24 வந்துச்சு. வெரல் விட்டுப் பாக்கறப்ப சுரப்பிய விட அதுக்குப் பக்கத்துச் சதையத் தொட்டப்பத்தான் உசுரு போச்சு. அதக் கேட்டதும் அவரு பிசியோதெரபி பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாரு. இடுப்புச் சதைக்குக்கூட பிசியோ இருக்குதுங்களா?

நொய்யல் (கோவை)

இருக்குதுங்கண்ணா. இடுப்புத் தளத் தசை இறுகிக் கிடந்தாலும் இதே வலி, இதே எரிச்சல், இதே பாக்கி நிற்கும் உணர்வு வரும். ஆண்களுக்கு அதைப் பார்க்கும் பிசியோ எல்லா இடத்திலும் இல்லை, டாக்டரையே கேட்டு வாங்குங்கள். யூடியூப் பார்த்துக் கெகெல் பயிற்சி ஆரம்பித்துவிடாதீர்கள், அது தசையை இறுக்கும் பயிற்சி. உங்களுக்குத் தளர்த்தத்தான் சொல்லித்தருவார்கள். கல்ச்சர் முடிவு வரும் வரை மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை என்றால் குதிகால் தசைநாண் அறுந்துபோகும் அபாயம் என்று 2008லேயே அமெரிக்காவில் பெட்டி எச்சரிக்கை போட்டார்கள்.

சங்ககிரி ஸ்டியரிங்

ஏனுங்க டாக்டரே, இந்த இறுகற கதை டிரைவருக்கும் வருமா? அடக்கி அடக்கியே ஓட்டுனவனுக்கு?

நொய்யல் (கோவை)

வரும். உங்க வயசு என்னங்க? 50 தாண்டியிருந்தா, மூத்திரத்துல ரத்தம் ஏதாச்சும் பட்டிருந்தா, பிசியோவுக்கு முந்தி வேற சிலது பாக்கணும். பிஎஸ்ஏவும் அதுல ஒண்ணு, ஆனா எரிச்சல் அதிகமா இருக்கற நேரத்துல எடுத்தா சும்மாவே கூடிக் காட்டும்.

சங்ககிரி ஸ்டியரிங்

54 தம்பி. ரத்தம் ஒருக்காப் பட்டுச்சு, பீட்ரூட் தின்னதுன்னு விட்டுட்டேன்.

நொய்யல் (கோவை)

இந்த வாரமே போங்க. ட்ரிப் அப்புறம் பாத்துக்கலாம்.

மட்டுறுத்துநர்

மஞ்சள் கேப்சூல் பற்றிய ஆறு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். டாக்டர் பெயர், கிளினிக் விலாசம் கேட்பவர்கள் தனிச்செய்தியில் கேட்டுக்கொள்ளவும். சங்ககிரி அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதும் வரை இழை திறந்தே இருக்கும்.